டப்பா தேடிப் போய்த் தண்ணீரில் இறங்கிய ஞாயிற்றுக்கிழமை

தை மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மருங்காபுரிப் பக்கம் போய்வந்த பயணம் இது. வழக்கமாக ஊர் திரும்பிய மறுநாளே, கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து எழுதிப் போட்டுவிடுவேன். இந்தத் தடவை இரண்டு மாதம் ஆகிவிட்டது. எழுத உட்காருவேன், ஒரு வரிகூட எழுதாமல் எழுந்துவிடுவேன். "எழுதுப்பா. ஆனா நீ தூங்குனதையும் சேத்து எழுதணும்" என்று மகள் சிந்து நிபந்தனை போட்டிருக்கிறாள். சேர்த்தே எழுதுகிறேன்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. வீடு ஸ்ரீரங்கம். பிழைப்பு தில்லை நகரில் ஒரு ஜெராக்ஸ் கடை. படிப்பு பத்தாவது, அதற்கு மேல் தட்டச்சில் லோயர் தேர்வு. சுபாவம், பயந்த சுபாவம். மலைக்கோட்டைக்குப் போனால் உச்சியில் எல்லோரும் காவிரியைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். நான் பிள்ளையாரை மட்டும் பார்த்துவிட்டுக் கம்பியைப் பிடித்தபடி இறங்கி வந்துவிடுவேன். அப்படிப்பட்டவன் எதற்காக முள்ளுக்காட்டுப் பாறையில் ஏறினான் என்றால், பதினாறு வயதில் ஒரு மகள் இருப்பதால்தான்.

சிந்து பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளித் தோழி ஒருத்தி மூலமாக அவளுக்கு ஜியோகேச்சிங் என்ற கிறுக்கு பிடித்தது. யாரோ ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது காட்டிலோ மேட்டிலோ ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டுவிடுவார். நாம் ஃபோனைப் பார்த்தபடி தேடிப் போக வேண்டும். டப்பாவுக்குள் ஒரு நோட்டு இருக்கும் என்றாள்.

"எத்தன ரூவா நோட்டு?" என்றேன்.

"அப்பா! எழுதுற நோட்டு. அதுல பேரும் தேதியும் எழுதிட்டு, இருந்த மாதிரியே வச்சிட்டு வந்துரணும்."

"இதுக்கு எதுக்கு அவ்ளோ தூரம் போகணும்? நம்ம கடையிலயே எழுதிக்கலாமே."

அவள் என்னைப் பார்த்த பார்வையில், வண்டிக்குப் பெட்ரோல் போட்டுவிட்டேன்.

மனைவி கலா அந்த வாரம் துறையூரில் அவள் தம்பி வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தாள். ஃபோனில் அனுமதி கேட்டோம். "பாத்து கூட்டிட்டுப் போங்க. அவள ஏற விட்டுட்டு நீங்க எங்கயாவது நெழலப் பாத்து உக்காந்துராதீங்க" என்றாள். பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு என்னைத் தெரியாதா?

காலை 5.45க்கு ஸ்ரீரங்கத்தில் கிளம்பினோம். வண்டி 110 சி.சி. ஸ்கூட்டர். பெட்ரோல் 350 ரூபாய்க்குப் போட்டேன், போய்வரத் தாராளமாகப் போதும். காவிரிப் பாலம் தாண்டும்போது நல்ல பனி. ஊரைக் கடந்து மதுரை நெடுஞ்சாலையைப் பிடித்து, நாற்பதிலேயே உருட்டினேன். ஆம்னி பஸ் ஒவ்வொன்றும் தாண்டும்போது வண்டி ஒரு ஆட்டம் ஆடும். நான் முருகா என்பேன், பின்னாலிருந்து சிந்து சிரிப்பாள். 6.50க்கு விராலிமலை. டிபன் அங்கேதான்: எட்டு இட்லி, இரண்டு வடை, இரண்டு காபி, 150 ரூபாய். சாம்பார் சுமார், சட்னி பரவாயில்லை. கடைக்கு எதிரே சுவர்மேல் நின்ற மயில், நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை எங்களை முறைத்துக்கொண்டிருந்தது.

7.15க்குக் கிளம்பி, நெடுஞ்சாலையை விட்டு மருங்காபுரிச் சாலையில் திரும்பினோம். இரண்டு பக்கமும் கடலைக் கொல்லை, சோளத்தட்டை, நடுவே திடீர் திடீரென்று எருமை முதுகு மாதிரி பாறைகள். மருங்காபுரி தாண்டி ஏழு கிலோமீட்டரில் தார்ச் சாலை முடிந்து மண்பாதை தொடங்கும். அதில் ஒன்றரை கிலோமீட்டர் குலுங்கினால் ஒரு வேப்பமரம், அதன் கீழே சூலம் நட்ட ஒரு சின்னக் கோயில். வண்டியை அங்கே நிறுத்தினோம். மணி 8.15. மீட்டரில் 71 கிலோமீட்டர். ஃபோனில் டப்பாவுக்கு இன்னும் 620 மீட்டர் காட்டியது. இடத்தைத் துல்லியமாக எழுதவில்லை, டப்பா இன்னும் அங்கேயே இருக்கிறது.

மலை என்று சொல்ல முடியாது. பெரிய பெரிய பாறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கிவைத்தது மாதிரி ஒரு குன்று. இடுக்கெல்லாம் சீமைக்கருவேல், கள்ளி, இடுப்பளவு காய்ந்த புல். அடிவாரத்தில் கிழக்குப் பக்கம் ஒரு ஏரி. மழைத் தண்ணீர் இன்னும் வற்றாமல் பாதிவரை கிடந்தது. கரையோரம் முழுக்க வெள்ளை அல்லி.

"ஒண்ணே ஒண்ணு பறிச்சுக்கறேம்ப்பா" என்றாள்.

"ஏரியில கால வச்ச, அப்படியே வண்டியத் திருப்பிருவேன்."

எனக்கும் நீச்சல் தெரியாது, அவளுக்கும் தெரியாது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் குடியிருந்துகொண்டு, தண்ணீரைக் குழாயில் மட்டும் பார்க்கிற குடும்பம் எங்களுடையது.

8.30க்கு ஏற ஆரம்பித்தோம். அவள் முன்னால், நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால். பையில் இரண்டு தண்ணீர் பாட்டில், பிஸ்கட், பேனா, பிளாஸ்திரி. முதல் பத்து நிமிடத்திலேயே ஒரு பாம்புச் சட்டை. முழு நீளம், தலைப்பக்கம் உட்பட. "சட்டதானப்பா" என்றாள். சட்டையைக் கழற்றினவர் எங்கே என்பதுதான் என் கவலை. அதற்கு மேலே, குடை மாதிரி நீட்டிக்கொண்டிருந்த பாறையின் அடியில் மூன்று தேனடைகள், ஒவ்வொன்றும் முறம் அகலம். மலைத்தேனீ கொட்டி ஆள் செத்த சேதியெல்லாம் எனக்குத்தான் சரியாக ஞாபகம் வரும். மூச்சை அடக்கிக்கொண்டு அதன் கீழே கடந்தோம். செருப்புச் சத்தம்கூட வரக் கூடாது என்று நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். முள் குத்தியது. கத்தக்கூட முடியவில்லை.

பாதி உயரத்தில் ஒரு தட்டையான பாறை, அதில் வேரைப் பரப்பிக்கொண்டு ஒரு இச்சி மரம். அங்கிருந்து பார்த்தால் கிழக்கே கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி, நெடுஞ்சாலை லாரிகள் எறும்பு மாதிரி. சிந்து படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். நான் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்கு மேலே பாறை செங்குத்து.

"இன்னும் நூத்தியெம்பது மீட்டர்தான்ப்பா. நீ இங்கயே இரு. நான் போய் எங்க இருக்குன்னு பாத்துட்டு மெசேஜ் போடறேன்."

"பைய எடுத்துக்கோ."

"வேணாம். எனக்கு ரெண்டு கையும் வேணும்."

"பதினஞ்சு நிமிஷம். அதுக்குள்ள திரும்பிரணும்."

மணி 8.55. அவளுடைய மஞ்சள் டி-ஷர்ட் பாறை வளைவில் மறைவதைப் பார்த்தேன். இச்சி நிழல் குளுகுளுவென்று இருந்தது. வயிற்றில் ஐந்து இட்லி. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்த உடம்பு. வாசகர்களே, தூங்கிவிட்டேன்.

விழித்தபோது மணி 9.25. ஃபோனில் 9.12க்கு அவள் அனுப்பிய செய்தி இருந்தது. இப்போதுள்ள பிள்ளைகள் தமிழைத் தமிழில் எழுதுவதில்லையே, இங்கிலீஷ் எழுத்தில் போட்டிருந்தாள்:

eri irangitten pa. bag eduthutu va. seekiram

ஏரி இறங்கிட்டேன்ப்பா. பேக் எடுத்துட்டு வா. சீக்கிரம்.

முதலில் கோபம்தான் வந்தது. நான் தூங்குவதைப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் என்னைத் தாண்டி இறங்கிப்போய், வேண்டாம் என்று சொன்ன ஏரியிலேயே இறங்கியிருக்கிறாள், அல்லிக்காக. கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி கூப்பிட்டேன். அதே குரல், அதே நிதானம். அப்புறம் அந்தக் கடைசி வார்த்தையைத் திரும்பப் படித்தேன். சீக்கிரம். எதற்குச் சீக்கிரம்? பிளாஸ்திரி இருக்கிற பை எதற்கு? செய்தி வந்து பதிமூன்று நிமிடம் ஆகியிருந்தது.

"சிந்து!" என்று கத்தினேன். தேனீ ஞாபகமே வரவில்லை. பாறை என் குரலையே திருப்பித் தந்தது. எட்டிப் பார்த்தால் கருவேல மரக் கிளைகளுக்கு நடுவே ஏரி துண்டு துண்டாகத் தெரிந்தது. கரையிலிருந்து இருபது அடி உள்ளே, அல்லி இலைகளுக்கு நடுவில், தண்ணீரில் மஞ்சளாக ஏதோ கிடந்தது. அசையவில்லை.

ஏற இருபத்தைந்து நிமிடம் ஆன பாறையில் எப்படி இறங்கினேன் என்று கேட்காதீர்கள். உட்கார்ந்து சறுக்கினேன் என்பதற்குப் பேண்ட் சாட்சி. தேனடைக்குக் கீழே ஓடினேன். அன்றைக்கு மேலே பார்க்கக்கூட இல்லை. கரைக்கு வந்ததும் பையையும் ஃபோனையும் வீசிவிட்டு இறங்கினேன்.

முழங்கால்வரை சேறு. காலை எடுத்தால் செருப்பு வரவில்லை. இடுப்புவரை தண்ணீர் வந்ததும் உடம்பு தானாகப் பின்வாங்கியது. நான் தைரியசாலி இல்லை என்பதை என் உடம்பு அந்த நேரத்திலும் மறக்கவில்லை. மார்பு ஆழத்தில் நின்றுவிட்டேன். மஞ்சள் இன்னும் நாலடி தள்ளி இருந்தது. அல்லித் தண்டு காலைச் சுற்றியது. ஒரு அடி, இன்னும் ஒரு அடி. கையை நீட்டி இழுத்தேன்.

எண்ணெய் கேன். அஞ்சு லிட்டர் மஞ்சள் எண்ணெய் கேன், கழுத்தில் நைலான் கயிறு கட்டியது.

நிம்மதியாக இருந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. மிதக்கிறது அவள் இல்லை என்றால், அவள் மிதக்கவில்லை என்றுதான் என் புத்திக்குப் பட்டது. மூச்சை இழுத்துக்கொண்டு குனிந்து, தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவ ஆரம்பித்தேன். சேறு. வேர். வழவழவென்று என்னவோ. ஒவ்வொரு தடவை கையில் ஏதாவது பட்டபோதும், அது அவள் முடியாக இருக்கக் கூடாது என்றும் இருக்க வேண்டும் என்றும் ஒரே நேரத்தில் வேண்டினேன். மூன்று தடவை முகம் தண்ணீருக்குள் போனது. நாலாவது தடவை காலை நகர்த்தப் பார்த்தால் கால் வரவில்லை. எதுவோ இரண்டு கணுக்காலையும் சேர்த்துப் பிடித்திருந்தது. சாய்ந்தேன். வாய்க்குள் தண்ணீர் போனது.

"யோவ்! யாருய்யா அது? வலையில கை வைக்கிறது?"

கரையில் ஒரு மொபெட், அதன் பக்கத்தில் லுங்கியை மடித்துக்கட்டிய ஒரு ஆள். ஐம்பது வயது இருக்கும். பெயர் செல்வராசு என்பதும், அந்தத் தண்ணீரில் மீன் குத்தகை எடுத்தவர் என்பதும், அந்த மஞ்சள் கேன் அவர் வலையின் மிதப்பு என்பதும் பிறகு தெரிந்தவை.

"பட்டப்பகல்ல, அதுவும் பேண்ட் போட்டுக்கிட்டு வந்து மீன் திருடுறீங்களே, வெக்கமா இல்ல?"

"எம் பொண்ணு..." என்றேன்.

அவர் மொபெட்டைக் கீழே போட்டுவிட்டு இறங்கியது மட்டும் தெரியும். தண்ணீர் அவருக்குத் தரை மாதிரி. என் கக்கத்தில் ஒரு கையைக் கொடுத்துத் தூக்கி, மடியிலிருந்த கத்தியை இன்னொரு கையால் எடுத்து, காலில் சுற்றிய வலையை அறுத்துவிட்டு, கரையில் கொண்டுவந்து போட்டார்.

"பொண்ணு விழுந்துச்சா? நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல. மெசேஜ் போட்டிருக்கா."

"தண்ணிக்குள்ள இருந்தா?"

அந்தக் கேள்வியில் இருந்த நியாயம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஃபோனை எடுத்து நீட்டினேன். "எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க. படிங்க" என்றார்.

படித்தேன். "ஏரி இறங்கிட்டேன்ப்பா. பேக் எடுத்துட்டு வா. சீக்கிரம்."

அவர் என்னையும் குன்றையும் மாறி மாறிப் பார்த்தார். "அதான் புள்ளையே சொல்லியிருக்குதுங்களே. ஏறி இறங்கிட்டேன்னு. மேல ஏறி, அந்தப் பக்கம் இறங்கிருச்சு. நீங்க எதுக்கு இங்க வந்து விழுந்தீங்க?"

"இல்லைங்க, ஏரி. இந்த ஏரி."

"இங்க ஏதுங்க ஏரி? இது குளம். ஏரின்னா துறையூர்ப் பக்கம் போங்க. எங்க ஊர்ல சின்னப் புள்ளகூட இத ஏரின்னு சொல்லாது."

நான் கரையில் உட்கார்ந்தபடி அந்த இங்கிலீஷ் எழுத்துகளையே பார்த்தேன். இடையின ர, வல்லின ற எல்லாம் அதில் ஒரே ஆர். பேச்சிலும் எங்கள் ஊரில் இரண்டும் ஒரே சத்தம்தான். அதனால்தான் நான் ஏரி என்று படித்தது அவர் காதில் ஏறி என்று சரியாக விழுந்தது. எழுத்தில் நான் இந்த விஷயத்தில் ஏற்கெனவே கேவலப்பட்டவன். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு, "நாய்களுடன் லிஃப்டில் ஏரக் கூடாது" என்று நாற்பது காப்பி லேமினேஷன் போட்டுக் கொடுத்த கடை என்னுடையது.

சிரிக்க வேண்டும் போல இருந்தது. அதற்குள் செல்வராசு முகம் மாறியது.

"அந்தப் பக்கம்னா... பழைய குவாரிக் குழி கெடக்குதே. ஓரமெல்லாம் புல்லு மூடிக் கெடக்கும். புதுசா வர்றவங்களுக்குத் தெரியாது."

எழுந்து நின்றேன். அப்போதுதான் மேலேயிருந்து அந்தக் குரல் வந்தது.

"அப்பாஆ!"

குன்றின் உச்சியில், வானத்தை ஒட்டி, மஞ்சள் டி-ஷர்ட். என் வாழ்நாளில் அதைவிட அழகான நிறத்தை நான் பார்த்ததில்லை. நான் கையைத் தூக்கினேன். அவள் அதை எப்படிப் புரிந்துகொண்டாளோ, ஓட ஆரம்பித்தாள். உட்கார்ந்து உட்கார்ந்து இறங்க வேண்டிய அந்தச் செங்குத்துப் பாறையில், நின்றபடி ஓடி வந்தாள்.

"ஓடாத தாயி! உக்காரு! உக்காந்து எறங்கு!" என்று செல்வராசு கத்தினார். நானும் கத்தினேன். அவளுக்குக் கேட்கவில்லை. என் சத்தம் அவளை இன்னும் வேகமாக ஓட வைத்தது என்று இப்போது நினைக்கிறேன். பாதியில் சரளைக்கல்லில் கால் வைத்தாள். கால் போனது. முதலில் உட்கார்ந்தாள், பிறகு பக்கவாட்டில் புரண்டாள், பத்துப் பதினைந்தடி பாறையோடு சறுக்கி வந்தாள். அதற்குக் கீழே பாறை முடிந்து வெறும் காற்று. இச்சி மரத்து வேரில் அவள் முழங்கை மாட்டிக்கொண்டது. நின்றாள்.

அசையவே இல்லை. நான் எண்ணவில்லை, எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம் அவள் தலை நிமிர்ந்தது.

செல்வராசு எனக்கு முன்னே போய்விட்டார். நான் நாலு காலில் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது அவள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து ரத்தம். இடது கணுக்கால் அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் உரிந்த கையாலேயே என் நெஞ்சில் குத்தினாள்.

"நீ எதுக்குப்பா தண்ணிக்குள்ள போன? ஒனக்குத்தான் நீச்சல் தெரியாதுல்ல? முங்கி முங்கி எந்திரிக்கிற, நான் மேலேருந்து பாத்துக்கிட்டே நிக்கிறேன். நீ செத்துப் போறன்னு நெனச்சேன்ப்பா!"

"நீ செத்துட்டன்னு நெனச்சுத்தான்மா நான் போனேன்."

ஃபோனைக் காட்டினேன். அழுகை நடுவில் படித்தாள்.

"ஏறி இறங்கிட்டேன்னுதான போட்டிருக்கேன்! ஏரியா இருந்தா ஏரியில இறங்கிட்டேன்னு வராது? 'யில' எங்கப்பா?"

"ஸ்கூல் போனேன்னுதான எப்பவும் சொல்ற? ஸ்கூலுக்குப் போனேன்னா சொல்ற? நான் அந்தக் கணக்குல படிச்சேன்."

செல்வராசு எங்கள் இருவரையும் பார்த்தார். "தமிழ் சண்டைய கீழ போய் வச்சுக்கலாங்களா? தேன்கூடு இருக்கு" என்றார்.

நடந்தது இதுதான். அவள் உச்சியைக் கடந்து மறுபக்கம் இறங்கி, டப்பாவைப் பார்த்துவிட்டாள். இரண்டு பாறை இடுக்கில், கல் வைத்து மூடிய பச்சை டிபன் பாக்ஸ். நோட்டில் பெயர் எழுதப் பேனா இல்லை, பேனா பையில். அதற்குத்தான் பேக், சந்தோஷத்துக்குத்தான் சீக்கிரம். குவாரிக் குழியையும் பார்த்திருக்கிறாள், பயந்து அதன் கிட்டே போகாமல் நின்றிருக்கிறாள். நான் வராததால் மறுபடி உச்சிக்கு ஏறியவள், குளத்தில் தகப்பனைப் பார்த்தாள்.

செல்வராசுதான் அவளை முதுகில் சுமந்து இறக்கினார். வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, தன் துண்டைக் கிழித்துக் கணுக்காலில் கட்டினார். எதற்காக வந்தோம் என்று கேட்டார். சொன்னோம்.

"நான் வேணா ஏறிப் போயி ஒரு கையெழுத்து போட்டுட்டு வரட்டுங்களா? பேரு என்ன போடணும்?"

"அது செல்லாதுண்ணே" என்றாள் சிந்து. "யாரு தேடுறாங்களோ அவங்கதான் போடணும்." வலியிலும் விதி விடவில்லை. அன்று இணையத்தில் 'கிடைக்கவில்லை' என்றே பதிந்தாள்.

வலையை அறுத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "போங்க சார், புள்ள கெடச்சிருச்சுல்ல" என்று மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

திரும்பி வர இரண்டரை மணி நேரம். நேராகத் தில்லை நகரில் ஒரு மருத்துவமனை. எக்ஸ்ரே 400 ரூபாய். எலும்புக்கு ஒன்றுமில்லை, சுளுக்கு, பத்து நாள் காலை ஊன்றக் கூடாது. கலாவிடம் அன்று "வழுக்கிட்டா" என்று மட்டும் சொன்னோம். மூன்றாம் நாள் என்னால் முடியவில்லை, முழுவதையும் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. "எவ்ளோ நேரம் தூங்குனீங்க?" என்று மட்டும் கேட்டாள். அரை மணி நேரம் இருக்கும் என்றேன். சரி என்று எழுந்து போனாள். திட்டியிருக்கலாம்.

இந்த மாதிரிப் பயணம் போக நினைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. டிசம்பரிலிருந்து பிப்ரவரிவரை போங்கள், அதற்குப் பிறகு அந்தப் பாறையில் கால் வைக்க முடியாது. ஆளுக்கு ஒரு பை, ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், ஆளுக்கு ஒரு பேனா. நாங்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, அந்தப் பையைத் தூங்குகிறவனிடம் கொடுத்தோம். செருப்பு ஆகாது, பிடிமானம் உள்ள ஷூ வேண்டும். மலைத்தேனீ உள்ள பாறையில் சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள், சத்தம் போடாதீர்கள். பழைய குவாரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஊரில் யாரிடமாவது கேட்காமல் ஏறவே ஏறாதீர்கள். கேட்கும்போது அங்கிருப்பதை அவர்கள் குளம் என்கிறார்களா, ஏரி என்கிறார்களா, கண்மாய் என்கிறார்களா என்றும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். காட்டில் பிரிந்து போகாமல் இருப்பதே நல்லது. பிரிய வேண்டி வந்தால் செய்தியைத் தமிழ் எழுத்தில் போடுங்கள், இல்லையென்றால் குரலில் பேசி அனுப்புங்கள். அப்படியே குரலில் அனுப்பினாலும் எங்கே இறங்கினோம் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

காட்சி எப்படி என்று கேட்பீர்கள். நான் பாதிவரைதான் பார்த்தேன், அதற்கே நன்றாகத்தான் இருந்தது. உச்சியிலிருந்து எப்படி இருந்தது என்று சிந்துவிடம் கேட்டேன். "முதல் தடவ ஏறுனப்ப சூப்பரா இருந்துச்சுப்பா. ரெண்டாவது தடவ நான் எதையும் பாக்கல" என்றாள்.

கட்டு அவிழ்த்த மறு ஞாயிறே நானும் அவளும் நீச்சல் வகுப்பில் சேர்ந்தோம். ஞாயிறு காலை ஏழு மணிக்கு, ஒரு ஆளுக்கு மாதம் 800 ரூபாய். ஆழம் குறைந்த பக்கத்தில் யூகேஜி பிள்ளைகளோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதறுகிற நாற்பத்தாறு வயது ஆள் நான்தான். சிந்து அடுத்த வரிசையில். அவளுக்கு வேகமாக வந்துவிட்டது, மாஸ்டர் பாராட்டுகிறார். ஆனால் பாதி தூரம் போனதும் நின்றுவிடுகிறாள், ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. நான் தலையைத் தண்ணீருக்குள் விடும் ஒவ்வொரு தடவையும் அவள் நின்று, நான் வெளியே வரும்வரை பார்த்துவிட்டு, அப்புறம்தான் மீதியை நீந்துகிறாள்.